குடல்வாய்: அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கைத் தரமும் மனநலமும்

குடல்வாய் என்பது மலம் வெளியேறுவதற்காக அறுவை மருத்துவர் வயிற்றுச் சுவரில் அமைக்கும் திறப்பு. குடலின் ஒரு பகுதியை வெளியே எடுத்து அதன் விளிம்பைத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். உதட்டின் உட்புறம்போலச் சிவந்து ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. அதைச் சுருக்கவும் விரிக்கவும் தசை வளையம் கிடையாது. ஆகவே மலமும் காற்றும் வரும் நேரம் அந்த மனிதரின் கட்டுப்பாட்டில் இல்லை. மேலே ஒட்டிய பை அவற்றை வாங்கிக்கொள்ளும். ‘ஸ்டோமா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு வாய் என்று பொருள். குடல்வாய் என்ற தமிழ்ச் சொல் அதை ஒட்டியது. எங்கள் சாத்தூர், சிவகாசி, விருதுநகர்ப் பக்கம் இந்த இரண்டுமே புழக்கத்தில் இல்லை. ‘வயித்துல பை வச்சிருக்கு’, ‘சைடுல வழி போட்டிருக்கு’ என்பதே பேச்சு.

வகைகள்

குடலின் எந்த இடம் வெளியே வருகிறது என்பதைக்கொண்டு முதல் பிரிவு. பெருங்குடலில் அமைவது பெருங்குடல்வாய்; மருத்துவமனைச் சீட்டில் கோலோஸ்டமி என்று எழுதுவார்கள். சிறுகுடலின் கடைப்பகுதியில் அமைவது சிறுகுடல்வாய், அதாவது இலியாஸ்டமி. பெயரில் முன்பாதி மட்டும் மாறியதுபோலத் தோன்றினாலும் இரண்டும் இருவேறு வாழ்க்கைகள். இடப்பக்க அடிவயிற்றில் அமையும் பெருங்குடல்வாயில் மலம் ஓரளவு கட்டியாக, நாளுக்கு ஓரிரு தடவை வரும். பழகியவர் அதன் நேரத்தைக்கூட ஊகித்துவிடுவார். பெரும்பாலும் வலப்பக்கம் அமையும் சிறுகுடல்வாயில் கஞ்சிப் பதத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை வருவது இயல்பு. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பில் உப்பும் நீரும் வற்றத் தொடங்கும். செரிமான நொதிகள் கலந்திருப்பதால், பையின் ஓரத்தில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் சுற்றியுள்ள தோல் வெந்துவிடும்.

அமைப்பைக்கொண்டு இரண்டாவது பிரிவு. குடலை வெட்டி ஒரே முனையை வெளியே வைத்தால் முனைவாய். வெட்டித் துண்டாக்காமல் வளைத்து இழுத்து, மேற்புறத்தை மட்டும் திறந்தால் வளையவாய். வளையவாயில் இரண்டு துளைகள் அருகருகே இருக்கும். ஒன்றில் மலம் வரும், மற்றதில் சளி மட்டும் வரும். அந்தச் சளி ஆசனவாய் வழியாகவும் எப்போதாவது வெளியேறும். முன்கூட்டிச் சொல்லப்படாதவர்கள் அதைக் கண்டு ‘தையல் பிரிந்துவிட்டது’ என்று பதறுவதுண்டு.

காலத்தைக்கொண்டு மூன்றாவது பிரிவு: நிலையானது, தற்காலிகமானது. மருத்துவ நூல்கள் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு நகர்கின்றன. மனநலக் கணக்கில் முதலில் வர வேண்டிய பிரிவு இதுதான்.

வரலாறு

கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நான்காம் நூற்றாண்டில் கோஸ் தீவின் பிராக்சகோரஸ் என்ற கிரேக்க மருத்துவர், குடல் அடைப்புக்கு வயிற்றைத் திறந்து வழி செய்ததாகப் பிற்கால நூல் ஒன்று கூறுகிறது. சுசுருத சம்ஹிதையிலும் குடல் அடைப்புக்குத் தொப்புளுக்குக் கீழே இடப்பக்கமாக வயிற்றைத் திறக்கும் முறை உண்டு. கிழிந்த குடலின் விளிம்புகளைக் கட்டெறும்பைக் கடிக்கவைத்து இணைத்து, உடலை நீக்கிவிட்டுத் தலையை மட்டும் தையலாக விட்டுவைப்பதும் அதில் வருகிறது. இதைக் குடல்வாயின் முன்னோடி என்பாருண்டு. அப்படிக் கொள்வதற்கில்லை. சுசுருதர் தடையை நீக்கியதும் குடலை உள்ளேயே திருப்பி வைத்துத் தைத்துவிடுகிறார்; திறப்பை நிலைநிறுத்தும் எண்ணம் அங்கே இல்லை.

அந்த எண்ணம் 1710இல் பிறந்தது. ஆசனவாய் இல்லாமல் பிறந்து இறந்த ஒரு குழந்தையின் உடலை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் அலெக்சி லித்ரே, குடலின் முனையை வயிற்றுத் தோலோடு பொருத்தியிருந்தால் அது பிழைத்திருக்கலாம் என்று எழுதினார். செய்து பார்க்க யாரும் துணியவில்லை. குடலிறக்கம் இறுகிக் குடல் அழுகிய நோயாளிகளில் சிலருக்கு இயற்கையே அப்படி ஒரு வழியைத் திறந்துவிட்டதையும், அவர்கள் பல காலம் வாழ்ந்ததையும் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1750 அளவில் இலண்டனின் வில்லியம் செசல்டன், எழுபதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தொப்புளருகே அழுகிய குடலை வெட்டி நீக்கினார். மலம் அவ்வழியே வர, அவர் பிழைத்துக்கொண்டார்.

திட்டமிட்டுச் செய்த முதல் அறுவை 1776இல் ரூவான் நகரில் நடந்தது. மலக்குடல் புற்றால் அடைபட்ட ஒரு மதுவணிகருக்குப் பிலோர் என்ற மருத்துவர் பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் வழி செய்தார். மலத்தைத் தடுக்க வைத்தது கட்டுத்துணியில் செருகிய கடற்பஞ்சு. குடல்வாய்க்குப் பொருத்திய முதல் கருவி அதுவே எனலாம். 28ஆம் நாள் நோயாளி இறந்தார். காரணம் அறுவை அல்ல. அடைப்பை இறக்க அதற்கு முன் அவருக்குப் புகட்டியிருந்த பாதரசம் சிறுகுடலில் தங்கி அதை அழுகவைத்திருந்தது. 1793இல் பிரெஸ்ட் நகரில் துரே என்பவர் ஆசனவாயின்றிப் பிறந்த ஒரு சிசுவுக்கு இடப்பக்கம் பெருங்குடல்வாய் அமைத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயதுவரை வாழ்ந்தது. பை என்ற ஒன்றே இல்லாத காலத்தில் அவ்வளவு ஆண்டுகளை அந்த மனிதர் எப்படிக் கழித்தார் என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அறுவையின் வரலாறு எழுதியவர்களுக்கு நோயாளி உயிர் பிழைத்ததும் கதை முடிந்துவிடுகிறது.

1839இல் அமுசா என்ற பாரிசு மருத்துவர், அதுவரை இப்படிச் செய்துகொண்ட 29 பேரின் விவரங்களைத் திரட்டினார். பிழைத்தவர் 9 பேர் மட்டுமே. மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வந்த பிறகுதான் கணக்கு மாறியது. 1908இல் இலண்டனின் எர்னஸ்ட் மைல்சு மலக்குடலையும் ஆசனவாயையும் முழுதாக நீக்கி நிலையான பெருங்குடல்வாய் அமைக்கும் முறையை வெளியிட்டார். 1921இல் பாரிசின் ஆன்றி ஆர்ட்மன், புற்றுள்ள பகுதியை நீக்கி, கீழ் முனையைத் தைத்து உள்ளேயே விட்டு, மேல் முனையை வெளியே வைக்கும் முறையைக் கூறினார். அவசர அறுவைகளில் இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் அவர் பெயரைக் கேட்கலாம். சிறுகுடல்வாய்க்கு விடிவு வந்தது 1952இல். வெளியே நீட்டிய குடலின் வெளிப்பரப்பு புண்ணாகி, வாய் சுருங்கிவிடுவதே அதுவரை இருந்த தொல்லை. பிரையன் புரூக் அதைச் சட்டைக்கையை மடித்துவிடுவதுபோல உள்புறம் வெளியே தெரியும்படி மடித்துத் தைத்தார். தொல்லை தீர்ந்தது.

பையின் கதை இவை எல்லாவற்றிலிருந்தும் மாறுபட்டது. டென்மார்க்கில் எலிசு சோரன்சன் என்ற செவிலியரின் தங்கை தோராவுக்குக் குடல்வாய் வைத்திருந்தார்கள். எங்கே, எப்போது கசியுமோ என்று அஞ்சி அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் 1954இல் அக்கா உருவாக்கியதுதான் தோலில் நேரடியாக ஒட்டும், பயன்படுத்தி எறியக்கூடிய பை. ஆகே லூயி ஆன்சன் என்ற நெகிழித் தொழிலதிபர் அதைத் தயாரித்தார்; 1957இல் கோலோபிளாஸ்ட் நிறுவனம் பிறந்தது. பையைத் தேடவைத்தது புண்ணோ கிருமித் தொற்றோ அல்ல, ஒரு பெண் வீட்டுக்குள் அடைந்துகிடந்ததுதான். அதே பத்தாண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர், தன்னிடம் சிறுகுடல்வாய் அறுவை செய்துகொண்ட நோர்மா கில் என்ற பெண்ணையே பிற நோயாளிகளுக்கு வழிகாட்ட 1958இல் வேலைக்கு அமர்த்தினார். 1961இல் அங்கே பயிற்சிப் பள்ளி தொடங்கியது. குடல்வாய்ச் செவிலியர் என்ற தொழிலின் தொடக்கம் அது.

இந்தியாவில் இத்துறை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்தது. இந்தியக் குடல்வாயர் சங்கத்தின் இருப்பிடமும் மும்பையே. தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை, குடல் அறுவையைத் தனித் துறையாக வளர்த்தவர் என். ரங்கபாஷ்யம்.

காரணங்கள்

மேலைநாட்டு நூல்களைத் திறந்தால் குடல்வாய்க்குக் காரணம் மலக்குடல் புற்றும் குடல் அழற்சியும் என்றிருக்கும். நம் பக்கத்தில் பட்டியல் வேறு. டைஃபாய்டு முற்றிக் குடல் ஓட்டையாவது, குடல் காசநோய், குடல் முறுக்கிக்கொள்வது, கவனிக்காமல் விட்ட குடலிறக்கம், நான்குவழிச் சாலை விபத்து ஆகியவற்றோடு புற்றுநோயும் சேரும். ஏறத்தாழ ஐயாயிரம் பிறப்பில் ஒன்றுக்கு ஆசனவாய் சரியாக உருவாகாமல் போகிறது. அத்தகைய குழந்தைகளில் பலருக்குப் பிறந்த ஓரிரு நாளிலேயே பெருங்குடல்வாய் வைக்க வேண்டியிருக்கும்.

இது பட்டாசு வட்டாரம் என்பதால் வெடிவிபத்தையே முதல் காரணமாக நினைக்கத் தோன்றும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் நடந்த வெடிவிபத்துகள் யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் அந்த விபத்துகளில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் தீக்காயம். குடல்வாய் அங்கே வேறு வழியில் வருகிறது. தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் ஆழமாக வெந்தவர்களுக்குப் புண்ணில் மலம் படாமலிருக்கத் தற்காலிகமாக மேலே வழி வைப்பதுண்டு. வயிற்றுத் தோலும் வெந்திருந்தால் பை ஒட்ட இடமிருக்காது.

வாழ்க்கைத் தரம்

1952இல் நியூயார்க்கில் சதர்லாந்து குழுவினர், குடல்வாய் வைத்துக்கொண்ட புற்றுநோயாளிகளின் மனநிலையை ஆராய்ந்து எழுதினார்கள். இத்துறையின் முதல் பெரிய ஆய்வு என்று அதைச் சொல்லலாம். குடலைக் கழுவிவிடுவதிலேயே நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, குளியலறையைச் சுற்றியே வாழ்வை அமைத்துக்கொண்டவர்கள் அதில் வருகிறார்கள். 1971இல் டெவ்லின் குழு இங்கிலாந்திலிருந்து எழுதியபோதும் சோர்வும் தனிமையும் அப்படியே இருந்தன. 1997இல் ஒயிட், ஹன்ட் இருவரும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவில் மனத்தொல்லை இருப்பதாகக் கூறினர்.

அளவிடுவதற்கென்றே வினாப்பட்டியல்கள் உள்ளன. 2005இல் வெளிவந்த ‘ஸ்டோமா கியூஓஎல்’ 20 வினாக்களைக் கொண்டது. பை நிரம்பினால் என்ன செய்வது என்ற கவலை, உறக்கம், ஆட்களோடு பழகும் தயக்கம் ஆகியவை அதில் கேட்கப்படுகின்றன. அதே ஆண்டில் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் உளப் புற்றுநோயியல் துறையைச் சேர்ந்த விதுபாலா குழுவினர், இந்திய நோயாளிகளுக்கென உருவாக்கிய வாழ்க்கைத் தர வினாப்பட்டியலை வெளியிட்டனர். அது எல்லாப் புற்றுநோயாளிகளுக்கும் பொதுவானது. குடல்வாயைக் குறிப்பாகக் கேட்கும் பட்டியல்களில் வேட்டி மடிப்பைப் பற்றி வினா இருக்காது.

வேட்டியைச் சொல்வது விளையாட்டுக்கு அல்ல. வேட்டியை இறுக்கும் கோடும், பாவாடை நாடா இறுகும் கோடும், இடுப்புக்கு மேலே குடல்வாய் அமையும் இடத்தருகே செல்கின்றன. அறுவைக்கு முந்தைய நாள் நோயாளியைப் படுக்கவைத்தும், உட்காரவைத்தும், நிற்கவைத்தும், குனியவைத்தும் பார்த்து, மடிப்பு விழாத இடத்தில் பேனாவால் குறிக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்ற விதி. அப்படிக் குறித்தால் கசிவும் தோல்புண்ணும் குறைகின்றன. நம்மவரைச் சம்மணமிட்டும் குத்தவைத்தும் பார்க்க வேண்டும். தீப்பெட்டி அடுக்குவதும் மத்தாப்பு வேலையும் தரையில் உட்கார்ந்து செய்பவை. வயிறு மடியும் ஒவ்வொரு முறையும் பையின் அடித்தட்டு ஓரம் கிளம்பும். சுமை தூக்குவோருக்கு வேறொரு ஆபத்து: குடல்வாயைச் சுற்றிக் குடலிறக்கம் ஏற்படுவது மிகச் சாதாரணம்.

டென்மார்க்கில் நிலையான குடல்வாயுள்ள 202 பேரை 2006இல் ஆராய்ந்தபோது 45 விழுக்காட்டினருக்குச் சுற்றுத்தோலில் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதை நோயாகவே நினைக்கவில்லை. பை வைத்தால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தார்கள். தரமான பை தடையின்றிக் கிடைக்கும் நாட்டின் கணக்கு இது. அடித்தட்டை மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இங்கே கூலிக்காரர் அது தானாக விழும்வரை விடுகிறார். பையைக் கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டுகிறார். பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்கிறார்.

கட்டியாக மலம் வரும் இடப்பக்கப் பெருங்குடல்வாய்க்கு மலிவான மாற்று ஒன்று உண்டு. ஒருநாள்விட்டு ஒருநாள் குடல்வாய் வழியே வெதுவெதுப்பான நீர் செலுத்திக் குடலைக் கழுவிவிட்டால், அடுத்த முறைவரை பெரும்பாலும் ஒன்றும் வராது. சிறு துணியால் மூடி வைத்தாலே போதும். அதற்கு வேண்டியவை சுத்தமான நீர், ஒரு மணி நேரம், தாழிடக்கூடிய கழிப்பறை. வைப்பாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டும் தெரியும் ஊரில், குடும்பமே ஒரு கழிப்பறையை நம்பியிருக்கும் வீட்டில், மூன்றும் ஒன்றுசேரும் வேளை குறைவு.

உணவில் அவ்வளவு பத்தியம் தேவையில்லை. பெருங்குடல்வாய் உள்ளவர் சாத்தூர்ச் சேவும் தின்னலாம், வெள்ளரிக்காயும் கடிக்கலாம். காற்று கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சிறுகுடல்வாய்க்காரர் மட்டும் நிலக்கடலையையும் தேங்காய்ச் சில்லையும் நன்றாக மென்றோ தவிர்த்தோ ஆக வேண்டும், அடைத்துக்கொள்ளும். கோடையில் அவர் வெறும் தண்ணீரை மொண்டு மொண்டு குடிப்பதும் தவறு. உப்புப் போட்ட கஞ்சி, நீராகாரம், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவையே உடம்பில் தங்கும்.

மனம்

முதல் அடி கண்ணாடியில் விழுகிறது. அவசர அறுவையில் நினைவு திரும்பும்போதுதான் பையைப் பார்க்கிறார் நோயாளி, முன்தயாரிப்புக்கு இடமில்லை. அடுத்து வருவது நாற்றத்தின் அச்சம். உண்மையில் நன்றாக ஒட்டிய பையிலிருந்து வாடை வருவதில்லை. ஆனாலும் பேருந்தில் யாராவது மூக்கைப் பொத்தினால் தன்னால்தான் என்று நினைப்பார். கல்யாணம், சடங்கு, இழவு என எல்லாவற்றிலிருந்தும் மெல்ல ஒதுங்குவார். துருக்கியில் கூசூ குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், குடல்வாய் பெற்ற முஸ்லிம்கள் தொழுகையையும் நோன்பையும் குறைத்துக்கொண்டது தெரிந்தது. இங்கே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர், தீட்டு என்று வீட்டோடு நின்றுவிடுகிறார். குளித்துப் புதுப் பை மாட்டியவருக்குத் தீட்டென்ன வந்தது? எல்லார் வயிற்றிலும் இருப்பதுதான் அவர் வயிற்றிலும் இருக்கிறது.

கணவன் மனைவி உறவு பேசப்படாத இடம். மலக்குடல் புற்றை நீக்கும்போது இடுப்புக்குழி நரம்புகள் அடிபட்டால் ஆண்மைக் குறைவு வரலாம். அதற்கும் பைக்கும் தொடர்பில்லை. குடல்வாய் மட்டும் உள்ள பெண் கருவுறலாம், பிள்ளை பெறலாம். மருத்துவர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை. ஆண்களின் பையைப் பெரும்பாலும் மனைவி மாற்றிவிடுகிறார். பெண்கள் தாமே மாற்றிக்கொள்கிறார்கள்.

குடல்வாய் வைத்ததனாலேயே வாழ்க்கைத் தரம் தாழ்கிறதா என்ற கேள்விக்கு, 35 ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு ஆம் என்று சொல்லவில்லை. மலக்குடல் புற்று நோயாளிகளில் நிலையான குடல்வாய் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மோசமாக வாழ்ந்ததாக உறுதியாக நிறுவ முடியவில்லை. ஆக, வாழ்வைக் குலைப்பது வாய் அல்ல. கசியும் பையும் பூட்டில்லாத கழிப்பறையும்தான்.

இன்னொன்றும் குலைக்கிறது: காத்திருப்பு. 2009இல் டிலன் சுமித், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பீட்டர் யூபல் முதலியோர், புதிதாகக் குடல்வாய் பெற்றவர்களை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தனர். நிலையானது என்று சொல்லப்பட்டவர்களின் மனம் நாளடைவில் தேறியது. பிறகு மூடிவிடலாம் என்று நம்பிக்கை தரப்பட்டவர்கள் அப்படித் தேறவில்லை. இனி இதுதான் என்று தெரிந்தவர் பழகிக்கொள்கிறார். போய்விடும் என்று நம்புகிறவர் பழக மறுக்கிறார். 1981 மே மாதம் சுடப்பட்ட போப் இரண்டாம் ஜான் பாலுக்கும் தற்காலிகக் குடல்வாய்தான் வைத்தார்கள். ஆகஸ்டிலேயே அது மூடப்பட்டது.

சாத்தூர்க்காரருக்கு அவ்வளவு விரைவில் முடிவதில்லை. மேலே சொன்ன காரணங்களில் பெரும்பாலானவை தற்காலிகக் குடல்வாயையே தருகின்றன. வளையவாயை இரண்டு மூன்று மாதங்களில் மூடலாம். ஆர்ட்மன் அறுவைக்கு மூன்று முதல் ஆறு மாதம். ஆனால் முதல் அறுவைக்கு வாங்கிய கடன் தீர வேண்டும், காசநோய் மாத்திரை முடிய வேண்டும், தீபாவளி வேலை ஓய வேண்டும். மறுபடி கத்தி வைப்பதா என்ற பயமும் உண்டு. மாதம் ஆண்டாகிறது. ‘எப்ப மூடுவாக?’ என்ற கேள்வி வீட்டில் ஓயாது.

இன்றைய நிலை

அறுவைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. 2022 ஜனவரி 12இல் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவரை மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டியிருந்தது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் குடல்வாய் இல்லை. உலகக் குடல்வாயர் நாள் மூன்றாண்டுக்கு ஒருமுறை அக்டோபர் முதல் சனிக்கிழமை. மனச்சோர்வுக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் யாருக்காவது தற்காலிகக் குடல்வாய் வைத்திருந்தால், வீட்டுக்கு அனுப்பும் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘பின்னர் மூடப்படும்’ என்று மட்டும் இருந்தால், எந்த மாதம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.